‘எப்படித் தெரியும்?’: ஆய்வுக் கருத்தரங்குக்கு முதன்முதலாகப் போகிறவருக்கு

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கருத்தரங்கு வகுப்பின் முதல் நாள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “எதைப் பற்றி ஆராயப் போகிறீர்கள்?” இலங்கையின் தேயிலை மலைப் பகுதிகளான ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் “மலையக மக்களின் பிரச்சினைகள்” என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. “சரி, அவர்களுக்குப் பிரச்சினை இருக்கிறதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விளங்கியது: எனக்குத் தெரிந்தது எங்கள் தோட்டப் பிரிவில், எங்கள் டிவிசனில், எங்கள் லயத்துக் காம்பராக்களின் (அறைகளின்) கதை மட்டும். பக்கத்துத் தோட்டத்தைப் பற்றிக்கூட நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அறிந்திருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அதே மேசையின் மறுபக்கத்தில், தற்காலிக உதவி விரிவுரையாளராக, அதே கேள்வியை நான் கேட்க வேண்டியதாயிற்று. புதிதாக வரும் தம்பி தங்கைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது.

முதலில், இது என்ன வகுப்பு

இதை விரிவுரை என்று நினைத்துக் கொப்பியும் பேனாவுமாகப் போய் உட்காராதீர்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. சமூகவியல், புவியியல், வரலாறு, பொருளியல், அரசறிவியல் என்று வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தாங்கள் தேடிக்கொண்டு வந்ததை மற்றவர்கள் முன் வைப்பார்கள். மற்றவர்கள் அதைக் குடைவார்கள். தவணை முடிவில் ஓர் ஒப்படையும் ஒரு முன்வைப்பும் இருக்கும்.

பல துறைகளை ஏன் ஒன்றாக உட்கார வைக்கிறார்கள்? லயத்தையே எடுத்துக்கொள்வோம். வரிசை வரிசையாக இந்தக் காம்பராக்களை யார், எப்போது, யாருக்காகக் கட்டினார்கள் என்று வரலாற்று மாணவர் கேட்பார். ஏன் மலைச்சரிவின் இந்த இடத்தில், மண் சரியும் இடத்தில் கட்டினார்கள் என்பார் புவியியல் மாணவர். வீட்டுக்கு வாடகை இல்லை என்பதைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடுவதா என்பது பொருளியலின் கேள்வி. காணி உறுதி யார் பெயரில் என்பது அரசறிவியலுக்கு. மகனுக்குக் கல்யாணமானதும் சேலையைக் கட்டி மறைத்து ஒரு காம்பராவை இரண்டாக்குகிறார்களே, அதைச் சமூகவியல் பார்க்கும். கட்டடம் ஒன்றுதான். அதைப் பார்க்கிற ஐந்து பேருக்கும் தேவைப்படும் ஆதாரம் ஐந்து விதம். பக்கத்தில் இருப்பவர் வேறு ஆதாரம் கேட்கும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்காகவே வைத்த வகுப்பு இது.

தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

மூன்று வாரம் போனாலும் பரவாயில்லை, இதில் அவசரப்படாதீர்கள். கெட்டுப்போன ஒப்படைகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டவை.

‘தோட்டத் தொழிலாளர் சம்பளம்’ என்பது வெறும் தலைப்பு. ‘சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு?’ என்பது கேள்வி போலத் தெரிந்தாலும் விடையை உள்ளே வைத்துக்கொண்டு கேட்பது. நீங்கள் என்ன கண்டுபிடித்தாலும் ‘குறைவு’ என்பது மாறப்போவதில்லையே. இதை இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழுவதற்கு, அதாவது முழு நாள் வேலையாகப் பதிவாவதற்கு, கேட்கப்படும் கொழுந்தின் கிலோ அளவு மாறியதா? மாறியதென்றால், அரைப் பேர் விழுந்த நாட்கள் கூடினவா?

இதில் இடம், காலம், யாரைக் கேட்பது, எந்தத் தாளைத் தேடுவது எல்லாம் இருக்கின்றன. சம்பளச் சீட்டுகளைப் பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். பத்து வீட்டுச் சீட்டுகளைப் பார்க்கக் கேட்டால் வேலை தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘மாறவில்லை’ என்றும் விடை வரலாம். உங்கள் நினைப்புக்கு எதிரான விடை வர இடமில்லாத கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கேள்விக்கான ஆள்களையும் ஆவணங்களையும் உங்கள் கையிலிருக்கும் பஸ் காசுக்குள் போய்ச் சேர முடியுமா? முடியாதென்றால் அது நல்ல கேள்வியாகவே இருந்தாலும் இந்தத் தவணைக்கானதில்லை.

தேடுவது

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பிரதான நூலகம் உங்களுக்கு எட்டுமென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. அங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் அலுமாரிகளுக்கிடையே அலைவதில்லை. நூலகரிடம் போய் உங்கள் கேள்வியை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நான் தவணை முழுவதும் தனியாகத் தேடியதை ஒரு நூலகர் அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்தார்.

தமிழில் அச்சானவற்றுக்கு ‘நூலகம்’ இணையத்தளம் இருக்கிறது. பழைய சஞ்சிகைகள், சங்க மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் வரை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களிலேயே அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அம்மாயி வீட்டு அடுப்படியில் கிடந்த சாமான், அங்கே சான்றாக உட்கார்ந்திருக்கும்.

தேடும்போது எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பது முக்கியம். ‘மலையகத் தமிழர்’ என்று தேடினால் ஒரு காலத்து எழுத்து வரும். ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்றால் வேறு. ‘இந்தியத் தமிழர்’ என்றால் அரசாங்க அறிக்கைகள். ‘கூலி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் வெள்ளைக்காரன் காலத்துக் கடதாசிகள். எழுதக் கூச வைக்கும் சொல்தான், ஆனால் அந்தக் காலத்து ஆவணம் அந்தப் பெயரில்தான் கிடக்கிறது. தோட்டங்களின் பெயரிலும் இதே சிக்கல். பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டையும் குறித்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.

அரசாங்க அலுவலகத்தில் இருக்கும் தகவல் வேண்டுமென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கடதாசி கைக்கு வரும். அதனால் தவணையின் இரண்டாம் வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கடைசி மாதத்தில் போட்டவர்களுக்குப் பதில் பரீட்சைக்குப் பிறகு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாசிப்பது

தமிழ் மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு இங்கேதான் முதல் அடி விழும். வாசிக்கச் சொல்லும் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அகராதியோடு உட்கார வேண்டாம். சுருக்கத்தை வாசியுங்கள், அப்புறம் முடிவுரை, அப்புறம் அட்டவணைகள். உங்கள் கேள்விக்குத் தொடர்பிருந்தால் மட்டும் நடுப்பகுதிக்குப் போங்கள். முடித்ததும் கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஐந்து வரி தமிழில் எழுதுங்கள்: எழுத்தாளர் என்ன கேட்டார், யாரைக் கேட்டார், என்ன கண்டார், எதைப் பார்க்கவில்லை, எனக்கு எங்கே உதவும்.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி இறங்கிவிடாதீர்கள். ‘சொத்து மக்கள்’ என்று பத்துப் பக்கம் எழுதிய ஒப்படை ஒன்றைத் திருத்தினேன். தோட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லுக்குச் சொத்து என்றும் பொருள் உண்டல்லவா, செயலி அதைப் பிடித்துக்கொண்டது. அதிலேயே லயம் ‘வரி அறை’ ஆகியிருந்தது. எழுதியவர் லயத்துப் பிள்ளை.

இலக்கத்தைக் கண்டால் நில்லுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது மெதுவாக வாசியுங்கள்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கைகளை எடுத்தால், 2016 இல் தோட்டத்துறையில் வறுமை 8.8 சதவீதம். 2019 அறிக்கையில் 33.8 சதவீதம். ஒரு மாணவி இதை வைத்து ‘மூன்றே வருடத்தில் தோட்டங்களில் வறுமை நாலு மடங்கானது’ என்று முன்வைப்பின் முதல் படத்திலேயே போட்டாள். அறை முழுவதும் அதிர்ந்தது. பொருளியல் துறைப் பையன் ஒருவன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: “அக்கா, ரெண்டுக்கும் வறுமைக்கோடு ஒன்றா?” ஒன்றில்லை. இடையில் கோட்டையே புதுப்பித்து உயர்த்திவிட்டார்கள். நாடு முழுவதற்குமான வீதமும் அதே அறிக்கைகளில் 4.1 இலிருந்து 14.3 க்குத் தாவியிருக்கிறது. புதுக் கோட்டின்படி பழைய வருடத்தையும் கணக்கிட்டால்தான் ஒப்பிட முடியும். ஆனால் 2019 அறிக்கைக்குள்ளேயே ஒப்பிடத்தக்க ஒன்று இருந்தது: ஒரே கோட்டை வைத்து அளந்தபோது நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. அவள் சொல்ல நினைத்ததற்கு அதுவே போதும். அடிக்குறிப்பை வாசிக்காததால் சரியான வாதத்தைத் தவறான இலக்கத்தில் கட்டிவிட்டாள்.

‘தோட்டத்துறை’ என்றால் என்ன என்றும் கேளுங்கள். 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட வதியும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம் என்பது திணைக்களத்தின் வரையறை. அப்படியானால் தோட்டத்தை விட்டு ஹட்டன் டவுனில் அறை எடுத்துக் கடையில் வேலை செய்யும் உங்கள் மாமா, அந்த 33.8 க்குள் இல்லை. தோட்டத்துறையும் மலையகத் தமிழரும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொல்லில்லை. ஆனால் பத்துக்கு ஒன்பது ஒப்படைகள் அப்படித்தான் எழுதுகின்றன.

இன்னும் ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. 1971 தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981 இல் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம். மூன்றரை இலட்சம் பேர் எங்கே போனார்கள்? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதும், 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு 5 இலட்சத்து 25 ஆயிரத்தை இந்தியாவுக்கும் 3 இலட்சத்தை இலங்கைக்கும் பிரித்ததும், மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாக்கிக்கொண்டதும் வரலாற்று மாணவருக்குத் தெரியும். எழுபதுகளில் கப்பலேறியவர்கள் அந்தக் குறைவில் பெரும்பகுதி. ஆனால் அது மட்டுமில்லை. எண்ண வந்தவரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்று சொன்னவர்களும் அதில் இருக்கிறார்கள். 2012 இல் 8 இலட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம் என்று வருவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பெட்டியாகப் பிரித்ததே 1911 தொகைமதிப்பில்தான். தலைகளை எண்ணும் இலக்கத்துக்குள், எந்தப் பெட்டியில் நிற்க விரும்பினார்கள் என்ற கதையும் கலந்து கிடக்கிறது.

ஆக, எந்த இலக்கத்தையும் எழுதுவதற்கு முன் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எண்ணியது யார், எந்த வருடம், யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், பெயர் வைத்தது யார்.

துண்டு எழுதுங்கள்

எங்கள் பாட்டன்மார் காலத்தில் ‘துண்டு’ என்றால் வயிற்றைக் கலக்கும் சொல். தொழிலாளரைத் திரட்டி மேய்த்த கங்காணியின் கீழிருந்தவர்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிய சீட்டு அது. அதைக் கட்டித் தீர்க்காமல் அடுத்த தோட்டம் போக முடியாது. 1921 இல்தான் ஒழித்தார்கள். நான் சொல்கிற துண்டும் ஒரு விதத்தில் கடன் சீட்டுத்தான்: யாரிடமிருந்து என்ன எடுத்தோம் என்பதற்கான கணக்கு.

கையகலக் கடதாசியில், ஒரு துண்டுக்கு ஒரு கருத்து மட்டும். மேலே எழுத்தாளர், நூல், வருடம், பக்கம். கீழே, அவருடைய சொற்களையே எடுத்தால் மேற்கோள் குறிக்குள். உங்கள் சொற்களில் என்றால் ‘என் சொல்’ என்று ஓரத்தில் ஒரு குறி. இந்தக் குறியைப் போடாதவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாமல் கருத்துத் திருட்டில் மாட்டுகிறார்கள். வேண்டுமென்று திருடுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை, கணக்கு எழுதாமல் கடனாளியானவர்களையே கண்டிருக்கிறேன். போனிலேயே குறித்துக்கொள்கிறேன் என்றாலும் சரி, பக்க எண் இருக்க வேண்டும்.

உசாத்துணைப் பட்டியலை எந்த முறையில் எழுதுவது என்பதை உங்கள் துறை தரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் உசாத்துணை கேட்காதீர்கள். இல்லாத நூலுக்குப் பதிப்பகமும் பக்க எண்ணும் கூசாமல் சொல்லும். கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலில் வரக்கூடாது.

தோட்டத்துக்குப் போவது

துறையில் தரும் அறிமுகக் கடிதம் இல்லாமல் இறங்க வேண்டாம். உங்கள் சொந்தத் தோட்டமாகவே இருந்தாலும் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடமும் சொல்லுங்கள். ஆனால் தலைவரையோ, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையையோ பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு யாரையும் பேட்டி காணாதீர்கள். அப்போது கிடைப்பது அவர் கேட்க விரும்பும் பதில்.

நேரம் பார்த்துப் போங்கள். காலைப் பெரட்டு நேரத்தில், ஆளைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போது, யாரையும் மறிக்கக்கூடாது. மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து (குழந்தைகள் காப்பகத்திலிருந்து) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகோடு வரும் அக்காவிடம் “ஒரு மணித்தியாலம் பேசலாமா” என்று கேட்பதும் பாவம். ஞாயிறு மத்தியானம் நல்லது, கைக்காசு வேலை (கிலோ கணக்கில் காசு தரும் மேலதிக வேலை) இல்லாத ஞாயிறாக இருந்தால்.

பேசத் தொடங்குவதற்கு முன் நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே எழுதுவீர்கள், வேண்டாமென்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதை அவர்களுடைய பேச்சிலேயே சொல்லுங்கள். பதிவு செய்யும் போனை மறைக்காமல் நடுவில் வையுங்கள். பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ‘ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா ஆயா’ என்று எழுதினால், அந்தத் தோட்டத்தில் ஆயா ஒருவர்தான் என்றால், பெயரை மாற்றி என்ன பயன்? தோட்டத்தையும் மறைக்க வேண்டியிருக்கும்.

மலையகத்துக்கு வெளியே இருந்து வரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. “இந்த மாசம் எத்தனை பேரு?” என்று கேட்டால் ஆட்களை எண்ணிச் சொல்ல மாட்டார்கள், தங்களுக்கு விழுந்த வேலை நாட்களைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாணவன் ‘இருபத்திரெண்டு பேர்’ என்று கேட்டு, ஒரு காம்பராவில் இருபத்திரண்டு ஆட்கள் வாழ்வதாக எழுதிக்கொண்டு வந்தான். மலை (தேயிலை நிலம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டுவது), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எல்லாம் இப்படித்தான். தெரியாத சொல்லை அந்த இடத்திலேயே கேளுங்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை. நான் என் முதல் பேட்டிக்குப் பெரியம்மா ஒருவரிடம் போனேன். எது கேட்டாலும் “ஒனக்குத் தெரியாததா தம்பி?” என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டால் நாற்பது நிமிடமும் என் தலையாட்டல்தான், ஒன்றும் எழுத முடியவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போய், “பெரியம்மா, கொழும்புலேருந்து ஒரு புள்ள வந்து கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றேன். சிரித்துவிட்டு, பெரட்டுக்குப் போகும் வழியிலிருந்து தொடங்கினார். எனக்குத் தெரியுமென்று நினைத்ததில் மூன்று விஷயம் தப்பு.

எழுதி, அடி வாங்கி, கொடுப்பது

முதல் வரைவை எவ்வளவு சீக்கிரம் மேசையில் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. மோசமாக இருக்கட்டும். வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் ‘எப்படித் தெரியும்?’ என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு துண்டையோ, ஒரு பேட்டியையோ, ஓர் அட்டவணையையோ காட்ட முடியாத வசனத்தை வெட்டுங்கள், அல்லது ‘எனக்குத் தோன்றுவது’ என்று நேர்மையாக எழுதுங்கள். அப்படி எழுதுவதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

முன்வைப்புக்குப் பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடத்துக்குத் தயாராகுங்கள். படத்தில் இருப்பதை வாசிக்க வேண்டாம். கேள்வி, எப்படித் தேடினீர்கள், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை. கடைசியில் சொன்னதைத்தான் மற்றத் துறைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் “அதைப் பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஒப்படையைக் கடைசி நாள் காலையில் அச்செடுக்கலாம் என்று வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பஸைச் சுற்றியுள்ள போட்டோ கொப்பிக் கடைகளில் கரண்ட் போனால் எல்லாக் கடையிலும் சேர்ந்தே போகும். இரண்டு நாள் முன்னதாக எடுங்கள். பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று பிரதி இருக்கட்டும். அச்செடுக்கும்போது ஒன்று கூடுதலாக எடுத்து, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேட்டி தந்தவர் வீட்டில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவரென்றால் அவர் சொன்ன பகுதியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். “நான் அப்பிடிச் சொல்லலையே” என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.